பித்தப்பைக் கற்களும் உடற்பருமனும்

விருந்துண்ட இரவில் வலப்பக்க மேல்வயிற்றில் எழும் வலியை வாயுத் தொல்லை என்று கருதி, ஓமநீரோ சோடாவோ பருகிச் சமாளித்த பலரை நாங்கள் புறநோயாளர் பிரிவில் காண்கிறோம். ஸ்கேன் செய்து பார்க்கையில், அவர்களுள் சிலருக்குப் பித்தப்பையில் கற்கள் இருப்பது தெரியவருகிறது. "உடம்பு பெருத்திருந்தபோது வராத வலி, பட்டினி கிடந்து எடையைக் குறைத்த பின்பு ஏன் வந்தது?" என்று வியப்புடன் கேட்போரும் உண்டு.

கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து வைக்கும் சிறிய பையே பித்தப்பை. கொழுப்புள்ள உணவு குடலை அடைந்ததும் அது சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றும். உடற்பருமன் உடையோரின் கல்லீரல், பித்தநீரில் கொலஸ்டிராலை மிகுதியாகச் சேர்க்கிறது. கரையும் அளவை மீறிய கொலஸ்டிரால் படிகமாகிறது. பித்தப்பையின் சுருக்கமும் மந்தமாவதால், அப்படிகங்கள் தங்கிக் கற்களாக வளர்கின்றன. பெண்களுக்கும் நீரிழிவு உடையோருக்கும் இவ்வாய்ப்பு அதிகம்.

எடையைக் குறைப்பது நன்றே; ஆனால் அவசரம் கூடாது. எடை விரைந்து குறைகையில், உடலில் சேர்ந்திருந்த கொலஸ்டிராலும் பித்தநீரில் கலக்கிறது. பட்டினி கிடக்கும்போது பித்தப்பை போதிய அளவு சுருங்காமல், பித்தநீர் தேங்குகிறது. ஆகவே வாரத்திற்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே நல்லது. காலை உணவைத் தவிர்க்காதீர்கள். எண்ணெயை முற்றிலும் விலக்காமல் அளவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டோருக்குக் கற்கள் உருவாகாமல் தடுக்க, சில மாதங்களுக்கு மாத்திரை தருவதுண்டு.

வலி தராத கற்களுக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படுவதில்லை. வலி மீண்டும் மீண்டும் வருமாயின், லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றுவதே தீர்வு. பித்தப்பை இல்லாமலும் உணவு செரிக்கும். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் நேராகக் குடலைச் சென்றடையும். ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. கல்லைக் கரைப்பதாகச் சொல்லப்படும் மருந்துகளை நம்பிக் காலம் கடத்துவதே ஆபத்து.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். வலி சில மணி நேரமாகியும் தணியாவிடில், அல்லது காய்ச்சல், குளிர் நடுக்கம், கண்களில் மஞ்சள் நிறம், ஓயாத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று வலியோடு சேர்ந்தால், விடியும்வரை காத்திராதீர்கள். பித்தப்பை அழற்சியாகவோ, கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்ததாகவோ, கணைய அழற்சியாகவோ அது இருக்கக்கூடும். அன்றிரவே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.