மரம் நிற்கட்டும், சிக்னலும் வரட்டும்
மலைத் தோட்டத்துக்கு இணையக் கருவி வாங்கும் முன்

விவசாயிக்கு எதுக்கு இணையம் என்று கேட்ட காலம் போயே போச்சு. பிஜிஎஸ் பங்கேற்புச் சான்றுக்குக் குழுவைப் பதிவு செய்யணும். பிஎம் கிசானுக்கு கேஒய்சி முடிக்கணும். உழவன் செயலியில் மானியத்துக்கு முன்பதிவு செய்யணும். சாமையும் தேனும் கடுக்காயும் இருப்பதை ஊருக்குச் சொல்ல வாட்ஸ்அப் வேணும். கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. கல்வராயன் மலையின் உட்கிராமங்களில் இருப்பவர்களுக்கோ, ஒரு படிவத்தை ஏற்ற வெள்ளிமலைக்கோ கள்ளக்குறிச்சிக்கோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. நேரடி விற்பனை கைநழுவினால் விளைச்சல் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் போகும்.

சரி, வீட்டுக்கே இணையம் கொண்டுவரலாம் என்று ஆளைக் கூப்பிட்டால், வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டு பலாவையும் எடுத்துட்டீங்கன்னா பிரமாதமா வரும்" என்பார். அவசரப்பட வேண்டாம். இரண்டு பலாவை எடுத்தாலும் அதற்கு அப்பால் காடு நிற்கும், மேடு நிற்கும். மரத்தைப் பார்த்துக் கருவியைத் தேர்வு செய்வதுதான் சரி.

இலை என்ன செய்கிறது?

இலைக்குள் இருப்பது தண்ணீர். மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாவது, அந்த அலையைச் சோற்றில் உள்ள தண்ணீர் உறிஞ்சுவதால்தான். வைஃபை அலையும் ஏறக்குறைய அதே இனம். மரத்துக்குள் நுழையும் அலையை இலை உறிஞ்சும், கிளை சிதறடிக்கும். அலைவரிசை எவ்வளவு உயர்ந்ததோ, இழப்பும் அவ்வளவு அதிகம்.

வெய்ஸ்பெர்கர் என்ற ஆய்வாளர் 1982-இல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். அதன்படி 30 மீட்டர் அடர்ந்த தோப்பைக் கடந்தால் என்ன மிஞ்சும் என்று பார்ப்போம். 700 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. 2.4 கிகாஹெர்ட்ஸில் பதினெட்டில் ஒரு பங்கு. 5.8 கிகாஹெர்ட்ஸில் நாற்பதில் ஒரு பங்கு. இது இலை காய்ந்திருக்கும்போது. மழையில் நனைந்த இலை இன்னும் விழுங்கும்.

நம்ம மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. அடிவாரத்தில் முட்புதர்க் காடு, 400 மீட்டருக்கு மேல் இலையுதிர் காடு, 800 மீட்டருக்கு மேல் சோலை. மார்ச் மாதம் இலை கொட்டிக் கிடக்கும்போது சோதித்துப் பார்த்தால் சிக்னல் துல்லியமாகக் கிடைக்கும். ஆடியில் தழைத்தபிறகு பாதிகூட வராது. அதனால் சோதனையை இலை நிறைந்த காலத்தில், முடிந்தால் மழை விட்ட கையோடு செய்ய வேண்டும்.

முதல் வழி: சிம் போடும் வெளிக்கருவி

ஊருக்கு ஏதோ ஒரு டவரிலிருந்து லேசாகவாவது சிக்னல் வருகிறது என்றால் இதுதான் சுலபம். கூரைக்கு மேல் கம்பத்தில் ஒரு பெட்டி, அதில் சிம், அதிலிருந்து வீட்டுக்குள் ஒரு கேபிள்.

கடைக்காரர் வேகத்தைச் சொல்லுவார். நாம் கேட்க வேண்டியது, எந்தெந்த பேண்ட் எடுக்கும் என்பதை. மரத்துக்கு நடுவே கைகொடுப்பது தாழ்ந்த அலைகள்: பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 (பேண்ட் 28), ஜியோ 4ஜிக்கு 850 (பேண்ட் 5), ஏர்டெல்லுக்கு 900 (பேண்ட் 8). வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கருவிகளில் இவற்றில் ஒன்றிரண்டு இருக்காது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 5ஜி ஏர்ஃபைபர் எடுப்பதாக இருந்தால், பெரும்பாலான 5ஜி ஓடுவது 3500 மெகாஹெர்ட்ஸில் என்பதை நினைவில் வையுங்கள். டவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அது அருமை. தோப்புக்குப் பின்னால் சந்தேகம்தான். ஜியோ 5ஜிக்கு 700-உம் உண்டு என்பதால் மாட்டும் முன் கம்பத்தின் உயரத்திலேயே சோதிக்கச் சொல்லுங்கள்.

காசு செலவில்லாமல் ஒரு சோதனை இருக்கிறது. சிக்னல் அளவைக் காட்டும் இலவசச் செயலியைப் போனில் போட்டு, ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். கழித்தல் 100-ஐ விடச் சிறிய எண் (90, 95) என்றால் நல்லது. 110-ஐத் தாண்டினால் பலவீனம். 120-ஐ நெருங்கினால் கருவி மட்டும் போதாது, உயரமும் வேண்டும். தரையில் ஒருமுறை, கூரையில் ஒருமுறை, ஏணி வைத்து இன்னும் மேலே ஒருமுறை என மூன்று இடத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரக் கம்பம் தேவை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் வழி: கம்பத்திலிருந்து கம்பத்துக்கு

நல்ல இணைப்பு இருக்கும் உறவினர் வீடோ, உங்கள் குழுவின் கிடங்கோ ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருந்தால், இரு முனையிலும் ஒரு சின்ன டிஷ் மாட்டி இணைக்கலாம். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பகுதி 2018 முதல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது. ஆனால் இதற்கு நேர்பார்வை கட்டாயம்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. வெள்ளரிக்காய் மாதிரி நடுவில் பருத்துப் போகிறது. 2 கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுவிடத்தில் அந்த வெள்ளரியின் ஆரம் சுமார் 5 மீட்டர். அதில் குறைந்தது 3 மீட்டராவது மரமில்லாமல் இருக்க வேண்டும். மரம் வருடாவருடம் வளரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பெரிய டிஷ் வாங்கினால் தோப்பைத் துளைத்துவிடும் என்பதை நம்ப வேண்டாம். டிஷ் பெரிதானால் கதிர் குறுகும், குறி தப்பும் வாய்ப்பும் கூடும். அதனால்தான் டிஷ்ஷை மரத்தில் கட்டக் கூடாது. காற்றில் ஆடும், இணைப்பு அறுந்து அறுந்து வரும். இழுகம்பி கட்டிய இரும்புக் குழாய்க் கம்பம்தான் சரி.

காட்டுக்குள் குத்திக்கொண்டு போவதைவிடச் சுற்றிப் போவது நல்லது. நம்ம மலையில் மொட்டைப் பாறைக்குக் குறைவில்லை. இரு பக்கமும் தெரிகிற பாறையில் நடுக்கம்பம் ஒன்று வைத்தால், இரண்டு தாவலில் வேலை முடியும், ஒரு மரமும் சாயாது. ஆனால் இடம் பட்டா நிலமாக இருக்க வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு குழிகூடத் தோண்டாதீர்கள்.

எதை வாங்கக் கூடாது?

வெளிநாட்டில் மரங்களுக்கு நடுவே 900 மெகாஹெர்ட்ஸ் கருவியைச் சிபாரிசு செய்வார்கள். அமெரிக்காவில் அது எல்லோருக்கும் திறந்த அலை. இங்கே அது செல்போன் நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. வரவழைத்துப் போட்டால் ஊர் முழுக்க போன் கெடும், வழக்கும் வரும். நம் நாட்டில் திறந்திருக்கும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டை மிகக் குறுகியது. மண் ஈரம் அளக்கும் சென்சாருக்கு அது நன்றாக உதவும், வீடியோவுக்கு உதவாது. கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டரும் அனுமதியில்லாமல் வைத்தால் குற்றம்தான். செயற்கைக்கோள் இணையம் மரத்தைத் தாண்டிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. அதற்கும் வானம் திறந்திருக்க வேண்டும். தலைக்கு மேல் கிளை இருந்தால் அறுந்து அறுந்துதான் வரும்.

கரண்ட் கணக்கு

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் மையங்களை நீண்டதூர வைஃபை மூலம் இணைத்தது. நோயாளி கிராமத்தில், மருத்துவர் தேனியில். அந்தக் குழு 2008-இல் எழுதிய அனுபவத்தில் முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது: கருவிகள் பழுதானதற்குப் பெரும் காரணம் அலையோ தூரமோ இல்லை, ஏறி இறங்கும் மின்சாரம்.

ஆகவே கருவிக்குப் பட்ஜெட் போடும்போதே கரண்டுக்கும் போடுங்கள். 8 வாட் கருவி நாளெல்லாம் ஓடினால் 192 வாட்-மணி, அதாவது 12 வோல்ட் பேட்டரியில் 16 ஆம்பியர்-மணி. மூன்று நாள் மூட்டம் தாங்க, பாதிக்கு மேல் வடியவிடாமல் வைக்க, 100 ஆம்பியர்-மணி பேட்டரியும் 100 வாட் சோலார் பலகையும் போதும். கம்பத்துக்கு எர்த் கம்பியும், கேபிளுக்கு இடி தாங்கும் சர்ஜ் கருவியும் மறக்க வேண்டாம். மலையுச்சிக் கம்பத்தை மின்னல் விடாது.

ஊராகச் சேர்ந்து கேளுங்கள்

ஒரு வீட்டுக்கு ஒரு டிஷ் என்பது செலவு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வாணி திட்டத்தில், டீக்கடையோ மளிகைக் கடையோ தனி உரிமம் இல்லாமலேயே பொது வைஃபை நடத்தலாம். குழுவாக ஒரு நல்ல இணைப்பை எடுத்து அங்கே பகிரலாம்.

டவரே எட்டாத ஊர்களுக்கு வேறு வழி உண்டு. சேவை இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் ஆனது. பிஎஸ்என்எல் அதைச் செயல்படுத்துகிறது. உங்கள் ஊர் பட்டியலில் உள்ளதா என்று எழுதிக் கேளுங்கள். வன உரிமைச் சட்டம் 2006, கிராம சபை பரிந்துரைத்தால், அரசு நடத்தும் தொலைத்தொடர்புக் கம்பிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம் தர இடம் கொடுக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்ற வரம்பும் அதிலேயே இருக்கிறது. அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதுங்கள்.

பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

• எந்த பேண்ட் எடுக்கும்?
• இலை நிறைந்த காலத்தில் சோதித்தார்களா?
• கம்பம் எத்தனை அடி, மரம் இன்னும் எவ்வளவு வளரும்?
• கரண்ட் இல்லாதபோது எத்தனை மணி நேரம் ஓடும்?
• சரியாக வராவிட்டால் கருவியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா? இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.