மொட்டைமாடி மழையும் வீட்டுத் தோட்டமும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் அதைச் சுற்றிப் பெருகிவரும் குடியிருப்புகளும் அமைந்த வேங்கிக்காலில், வீடு கட்டுகிறவர்கள் வாசலில் ஒரு செம்பருத்தியும் கொல்லையில் ஒரு முருங்கையும் வைக்க ஆசைப்படுவது இயல்பே. ஆனால் சித்திரை வெயிலில் போர் தண்ணீர் இறங்கியதும் முதலில் வாடுவது அந்தத் தோட்டந்தான். கடினப் பாறைப் பிரதேசமாகிய இங்கே நிலத்தடி ஜலம் பாறை வெடிப்புகளிலும் அதன் மேலுள்ள சிதைந்த படலத்திலுமே தங்குவதால், மழைக்காலத்தில் சேமிக்காதவர் கோடையில் எத்தனை அடி துளைத்தாலும் நீர் கிடைப்பது நிச்சயமில்லை.

அருணாசலேஸ்வரர் ஆலயத்துக்குள் சிவகங்கைத் தீர்த்தத்தையும் பிரம்ம தீர்த்தத்தையும், ஊர்ப்புறங்களில் ஏரிகளையும் அமைத்த முன்னோர், மழையைத் தேக்கி ஆளும் தர்மத்தை நன்கு அறிந்திருந்தனர். கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பைத் தமிழக அரசு 2003-ஆம் ஆண்டு கட்டாயமாக்கியதும் அதே தர்மத்தின் தொடர்ச்சியே. பல வீடுகளில் அதற்கென வெட்டிய உறிஞ்சு குழி மண்மூடிப் போயிருப்பது மட்டுமே வருத்தத்துக்குரியது.

கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர் ஆகையால், ஒரு சென்டிமீட்டர் மழைக்கு அதில் 930 லிட்டர் விழுகிறது. ஆவியாவதும் சிதறுவதும் போக 700 லிட்டராவது கைக்கு வரும். நாளுக்கு 50 லிட்டர் செலவாகும் சிறு தோட்டத்துக்கு அது இரண்டு வார ஜீவாதாரம்.

செய்முறையிலும் சிரமமில்லை. மாடியிலிருந்து இறங்கும் பி.வி.சி. குழாயின் அடியில் ஒரு கிளைக்குழாயும் மூடியும் பொருத்திவிட்டால், வேப்பஞ்சருகும் பறவை எச்சமும் புழுதியும் கரைந்து பழுப்பாக வரும் முதல் மழைநீரை வெளியே விட்டுவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஜல்லியும் ஆற்றுமணலும் நிரப்பிய வடிகட்டி வழியே தொட்டிக்குத் திருப்பலாம். தொட்டியின் வாயைக் கொசு புகாதபடி வலை கட்டி இறுக மூடுவதும், வெயில் பட்டுப் பாசி பிடிக்காமல் நிழலில் வைப்பதும், நிரம்பி வழிவதை உறிஞ்சு குழிக்கோ கிணற்றுக்கோ செலுத்துவதும் அவசியம். குடிப்பதற்கன்றி, செடிகளுக்கு மட்டும் என்றால் இவ்வளவே போதும்.

உப்பு மிகுந்த போர் தண்ணீரையே நாள்தோறும் ஊற்றும் பூந்தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் படலத்தைக் கவனித்தவர்களுக்கு, உப்பற்ற மழைநீரின் அருமையை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. புல்தரையைக் காட்டிலும் நிழலும் பூவும் காயும் தருகிற செடிகளுக்கு அந்நீரைச் செலவிடுவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, ஐப்பசி அடைமழைக்கு முன்பே மாடியைப் பெருக்கி, குழாயின் அடைப்பை நீக்கி, குழியைத் தூர்வாரி, ஒரு தொட்டியேனும் வைத்துவிடுங்கள். வானம் இலவசமாகத் தருவதைச் சாக்கடைக்கு விட்டுவிட்டுக் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பது எந்தக் குடும்பத்துக்கும் நியாயமாகாது.