பர்வதமலைக்குப் போறீங்களா? சாப்பிட்டுட்டுப் போங்க



பௌர்ணமி வந்தால் நம் கலசப்பாக்கம் வட்டாரத்துக் குழுக்களில் பாதிப் பேர் பர்வதமலைக்குக் கிளம்பிவிடுகிறோம். அப்படி ஒரு குழுவோடு நாங்களும் போனோம். கடப்பாரைப் படிக்குக் கொஞ்சம் கீழே ஒரு அக்கா உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, கை கால் நடுக்கம், பேச்சும் குழறுகிறது. "அம்மன் வந்திருச்சு" என்று திருநீறு பூசினார்கள். விசாரித்தால், காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறார், விரதம் என்று ஒரு வாய்கூட சாப்பிடவில்லை! வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். இதுவே நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அந்த இடத்துக்கு 108 வண்டியும் வராது, அடிவாரம் வரைக்கும்தான் வரும்.

மலை சுமார் 4,500 அடி. தென்மாதிமங்கலம் வழியாகப் போனாலும் கடலாடி வழியாகப் போனாலும் ஏற்றம் ஏற்றம்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதமும் வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது என்றால், போவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஒண்ணுக்குப் போக மறைவிடம் இல்லை என்று நம்மில் பலர் தண்ணியே குடிப்பதில்லை. தலைசுற்றல் பாதி அதனால்தான். ஒதுங்கும்போது இரண்டு பேர் காவலுக்கு நில்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கலக்கி எடுத்துப் போங்கள். ஏணியிலும் சங்கிலியிலும் புடவை தட்டும், சுடிதார் நல்லது. மழை பெய்தால் ஓடையில் இறங்காதீர்கள், வெள்ளம் வடியும் வரை காத்திருங்கள்.

யாருக்காவது முடியவில்லை என்றால் ஒருத்தர் துணையோடு கீழே அனுப்புங்கள். பாதியில் திரும்பினால் தெய்வக்குத்தம் என்று பயமுறுத்த வேண்டாம்.

"கேதார்நாத் போறோம், இதே மாதிரிதானே?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். இல்லைங்க. 8,000 அடிக்கு மேல் காற்றின் அழுத்தம் குறைந்து, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். கௌரிகுண்ட் சுமார் 6,500 அடி, கேதார்நாத் 11,700 அடிக்கு மேல். ஒரே நாளில் ஏறினால் உடம்பு பழகாது. முன்பே ஓரிரு நாள் தங்கிப் போங்கள். தலைவலியும் வாந்தியும் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு மாறினாலோ, ராத்திரி ஆனாலும் விடியட்டும் என்று பார்க்காமல் முகாம் டாக்டரிடம் காட்டிக் கீழே இறக்கிவிடுங்கள்.