கேட்கக் கற்ற வைத்தியர்

கொழும்பில் 1870-இல் தொடங்கிய மருத்துவக் கல்விக்கு இரண்டாவது இல்லமாக, 1962-இல் பேராதனையில் மருத்துவபீடம் எழுந்தது. அங்கே பயிலும் இளைஞர்கள் ஊசி போடவும் கத்தி பிடிக்கவும் பன்முறை பழகிய பின்னரே நோயாளியைத் தொடுகின்றனர். தீய பழக்கத்தை விடுமாறு புத்தி சொல்வதற்கு மட்டும் பயிற்சி வேண்டாமா? வேண்டும் என்பதே என் துணிபு.

வெற்றிலை போடுதலையே எடுத்துக்கொள்வோம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. புகையிலை சேராவிடினும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. மாணவர் இவற்றை மனப்பாடமாய் அறிவர். ஆனால், கண்டியைச் சூழ்ந்த மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வெற்றிலை குளிருக்குத் துணை, பசிக்கும் களைப்புக்கும் மாற்று, மங்கலத்தின் அடையாளமுங்கூட. "அம்மா, இதை விடாவிட்டால் புற்றுநோய் வரும்" என்றால், அவள் தலையசைப்பாள். வாயிலைத் தாண்டியதும் சுருக்குப்பை திறக்கும்.

"எந்த நேரத்தில் அதிகம் போடுகிறீர்கள், அம்மா? எதை முதலில் குறைக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பார்க்கட்டும். விடை அவள் வாயிலிருந்தே பிறக்கும். குடிப்பழக்கமுடையோரிடையே பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதியதும் இதனையே: வாதாடினால் மனிதன் எதிர்வாதம் செய்வான், மாறுவதற்கான காரணத்தைத் தானே சொல்லக் கேட்டால் மாறத் துணிவான். ஆண்டுக்கணக்கில் வகுப்பறையில் நின்ற நானும் இதை அறிவேன். கட்டளை காதோடு நின்றுவிடும். கேள்வியோ உள்ளத்துள் இறங்கும்.

இக்கலையைப் புத்தகத்தால் மட்டும் கற்பிக்க இயலாது. ஒரு மாணவர் நோயாளியாக நடிக்க, மற்றொருவர் உரையாட, ஆசிரியர் அருகிருந்து திருத்த வேண்டும். எத்தனை முறை குறுக்கிட்டார், எத்தனை முறை பொறுத்துக் கேட்டார் என்று எண்ணிக் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்துப் பெண்ணின் மொழி தமிழ். தமிழறியாத வைத்தியருக்கு அவளுடைய மகனோ சிற்றூழியரோ மொழிபெயர்க்கும்போது, நாணத்தால் பாதி மறைந்துபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் தமிழைக் கற்று, தமிழிலேயே வைத்தியம் போதித்தார். கடல் கடந்து வந்தவருக்கு இயன்றது, இந்த நாட்டிலேயே பிறந்த இளைஞருக்கு இயலாதா? முழுப் புலமை வேண்டியதில்லை. நோயாளியின் வீட்டையும் வேலையையும் உணவையும் விசாரிக்கும் அளவு தமிழ் போதும்.

மருந்துச் சீட்டு எழுதுவதற்குச் சில நொடிகளே ஆகின்றன. ஒருவர் தம் பழக்கத்தைத் தாமே எடைபோட்டுப் பார்க்கத் துணைநிற்பதற்குச் சற்றே கூடுதல் நேரமாகும். அந்நேரத்தை வீணென்று கருதாத வைத்தியரை உருவாக்குவதே ஆசிரியரின் கடன்.