முச்சக்கரவண்டியின் நீலப்புகையும் இரு மாற்று இயந்திரங்களும்

கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தை அண்டிய வீதிகளில் நீலப்புகை கக்கியவாறு முச்சக்கரவண்டிகள் விரைந்த காலத்தை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாரதியின் கவனயீனமே அப்புகைக்குக் காரணம் எனப் பலரும் கருதினர். உண்மையில் அது அவ்வண்டியின் இயந்திர அமைப்பிலேயே அடங்கியிருந்த குறைபாடாகும்.

ஜேர்மனியரான நிக்கொலஸ் ஒட்டோ 1876 இல் உருவாக்கிய நான்கடிப்பு இயந்திரமே இன்றைய பெற்றோல் இயந்திரங்களுக்கு மூலம். அவரது காப்புரிமைக்குள் சிக்காத மாற்று வழிகளைத் தேடியோரில் ஆங்கிலேயர் இருவரின் சிந்தனை கொழும்பு வீதிகள் வரை வந்து சேர்ந்தது.

ஒருவர் ஜோசப் டே. 1889 இல் அவர் தொடங்கி, பின்னர் செம்மைப்படுத்தப்பட்ட இரண்டடிப்பு இயந்திரத்தில், உருளையின் சுவரிலுள்ள துவாரங்களைப் பிஸ்டனே மூடித் திறக்கின்றது. பாகங்கள் குறைவு, விலையும் குறைவு. வீதியோரக் கராஜிலேயே கழற்றிப் பூட்டிவிடலாம். நாளாந்த உழைப்பில் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் சாரதிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆயினும், எரிந்த வாயு வெளியேறும் அதே கணத்தில் புதிய கலவையும் உள்ளே நுழைவதால், எரிபொருளில் சிலவேளை மூன்றிலொரு பங்கு வரை எரியாமலே வெளியேறிவிடும். பெற்றோலுடன் கலந்து ஊற்றப்படும் ஒயிலும் சேர்ந்து எரிவதே நீலப்புகை. நாம் ‘ஓட்டோ’ என்றழைத்த வண்டியில் ஒட்டோவின் இயந்திரம் இருக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை.

மற்றவர் ஜேம்ஸ் அட்கின்சன். அமுக்கிய அளவிலும் கூடுதலாக வாயுவை விரியவிட்டால், வீணாகும் வெப்பத்திலிருந்தும் வேலை பெறலாம் என்பது 1880களில் அவர் கண்ட வழி. சிக்கலான இணைப்புத் தண்டுகளால் அது அன்று பரவவில்லை. உள்ளிழுக்கும் வால்வைச் சற்றுத் தாமதமாக மூடுவதன் மூலம் அதே பயனைப் பெறும் முறை, 1997 இல் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் காரில் அமைந்தது. இன்று எமது நகரில் ஓடும் ஹைபிரிட் கார்கள் பலவற்றின் சிக்கனத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்விரண்டையும் நமது அரசுகள் நடத்திய விதமே எமது கவனத்திற்குரியது. ஹைபிரிட் கார் வாங்குவோருக்கு ஒரு காலத்தில் இறக்குமதி வரிச் சலுகை கிடைத்தது. முச்சக்கரவண்டிச் சாரதியை எட்டியதோ 2008 இல் இரண்டடிப்பு வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை. தடை தவறென்று நாம் கூறவில்லை. குழந்தைகளின் சுவாசத்தை அப்புகை பாதித்தது. ஆனால் பிலிப்பைன்சின் விகான் நகரில், எரிபொருளை உருளைக்குள் நேரடியாகச் செலுத்தும் உபகரணத்தைப் பொருத்தி, ஓடிக்கொண்டிருந்த இரண்டடிப்பு வண்டிகளையே திருத்தினார்கள்.

2022 இன் எரிபொருள் நெருக்கடியின்போது முச்சக்கரவண்டிக்கு வாரமொன்றுக்கு முதலில் ஒதுக்கப்பட்டது 5 லீற்றர் பெற்றோல். மின்சார முச்சக்கரவண்டி பற்றி இப்போது பேசப்படுகின்றது. கார்களுக்கு அன்று வழங்கப்பட்டதற்கு நிகரான சலுகை, இம்முறை முச்சக்கரவண்டிச் சாரதிகளுக்கு முதலில் கிடைக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை.