வயதுக்கேற்ற பிரீமியம் வந்த கதை

இருபது வயது வாலிபரும் ஐம்பது வயதுக் குடும்பஸ்தரும் ஆயுள் காப்பீட்டுக்கு ஒரே தொகை கட்டினால் கணக்கு ஒத்துவருமா? லண்டனில் 1706இல் தொடங்கிய அமிக்கபிள் சங்கத்தில் அப்படித்தான் நடந்தது. எல்லா வயதினருக்கும் ஒரே சந்தா. ஆண்டு முடிவில், அவ்வாண்டு இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பணத்தைப் பங்கிட்டார்கள். சாவு கூடினால் பங்கு குறையும். என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பணம் கட்டும் வியாபாரம்!

இத்தனைக்கும் 1693லேயே ஒருவர் வழி காட்டியிருந்தார். வால் நட்சத்திரத்தால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலிதான் அவர். பிரெஸ்லாவ் நகரப் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஓர் அட்டவணை போட்டார். அதன்படி 20 வயதில் 598 பேர் இருந்தால், 50 வயதில் மிஞ்சுவது 346 பேர். ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் முன்னவருக்கு ஏறக்குறைய நூற்றில் ஒன்று; பின்னவருக்கு நாற்பதில் ஒன்று. காப்பீட்டின் விலையும் அதற்கேற்ப இருக்கவேண்டும் என்றார். அமிக்கபிள் அந்த வழிக்கு வரவில்லை.

ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியருக்கு 45 வயது தாண்டிவிட்டதென்று அச்சங்கம் இடம் மறுத்தது. வேறொருவராயின் திட்டிவிட்டுப் போயிருப்பார். இவரோ லண்டன் இறப்புக் கணக்குகளை எடுத்துவைத்து, சேரும் வயதுக்கேற்ப, பிறகு ஆயுள் முழுதும் மாறாத பிரீமியத்தைக் கணக்கிட்டார். இளமையில் கூடுதலாகக் கட்டுவது வட்டியோடு சேர்ந்து முதுமைக்கு ஈடுகட்டும்.

1757இல் டாட்சன் காலமானார். அவர் கணக்கை வைத்து எக்விடபிள் சங்கம் தொடங்கியது 1762இல்தான். அதில் ஒரு பாலிசி எடுக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அங்கே தலைமை அதிகாரிக்கு எட்வர்ட் ரோ மோர்ஸ் சூட்டிய பெயரே ‘ஆக்சுவரி’.