“ஏன் டாக்டராகணும்?” - ஒன்றரைப் பக்கத்தில் உங்கள் பிள்ளையின் பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மாதங்களில் எங்கள் குன்றத்தூர் வைத்தியசாலைக்கு ஒரு தனி ரகக் கூட்டம் வரும். பிள்ளைக்கு உடம்பில் ஒன்றும் இருக்காது. படபடப்பெல்லாம் அப்பா அம்மாவுக்குத்தான். “ஞாபக சக்திக்கு வல்லாரை லேகியம் கொடுங்க டாக்டர்” என்பார்கள். இரண்டு மூன்று வருஷமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. “லண்டன் காலேஜுக்கு அப்ளிகேஷன் போடறோம். பர்சனல் ஸ்டேட்மென்ட்னு ஒண்ணு எழுதணுமாம். நீங்களும் டாக்டர்தானே, ரெண்டு பாயிண்ட் சொல்லுங்களேன்!”

சித்த வைத்தியனிடம் இதைக் கேட்கலாமா என்று சிரிக்காதீர்கள். நோயாளியின் பேச்சைக் கேட்டு உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், விழி, மலம், மூத்திரம் இவற்றோடு ‘மொழி’ என்பதையும் சேர்த்துத்தான் எண்வகைத் தேர்வு என்கிறோம். விண்ணப்பத்தைப் படிக்கிற பேராசிரியரும் அந்தத் தாளில் முக்கியமாகக் கேட்பது மொழியைத்தான். இது பிள்ளை பேசுகிற குரலா, இல்லை வேறு யாரோ பேசுகிற குரலா?

முதலில் ஒரு விஷயம். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கோ, எங்கள் பி.எஸ்.எம்.எஸ்.ஸுக்கோ இப்படி ஒரு கட்டுரை கிடையாது. நீட் மார்க், இட ஒதுக்கீடு, கவுன்சலிங், அவ்வளவுதான். “ஏன் டாக்டராகணும்?” என்று யாரும் கேட்பதில்லை.

எப்போதுமே இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. 1984க்கு முன்னால் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வு உண்டு. 1970-71ஆம் ஆண்டுச் சேர்க்கையில் பாட மார்க் 200, நேர்முகத்துக்கு 75. விளையாட்டு அல்லது என்.சி.சி., பொதுச் சேவை, உடல் தகுதி, பொதுத் திறமை, மருத்துவத்துக்கான மனப்பாங்கு என்று ஐந்து தலைப்பில் அந்த 75 மார்க்கைப் பிரித்துப் போட வேண்டும். குழுவினரோ தலைப்புவாரியாகப் போடாமல் மொத்தமாக ஒரு மார்க் போட்டார்கள். பெரியகருப்பன் என்ற மாணவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி மொத்தமாகப் போட்டது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. 275க்கு 75 என்பதே அதிகமாகத் தெரிகிறது என்றும் சொன்னது. பிறகு 1984இல் எம்.ஜி.ஆர். அரசு நேர்முகத்தை எடுத்துவிட்டு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. 2007-08 சேர்க்கையிலிருந்து அதுவும் போய் பிளஸ் டூ மார்க் மட்டும் என்றானது. 2017 முதல் நீட்.

வேலூர் சி.எம்.சி. மட்டும் நெடுங்காலம் தனி வழியில் போனது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை வேலூருக்கே வரவழைத்து, குழுவாகச் சில வேலைகளைச் செய்யச் சொல்லி, பேசிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நீட் கட்டாயமான 2017இல், எங்கள் முறையை விட முடியாது என்று 100 இடத்தில் ஒரே ஒரு மாணவரைத்தான் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சேர்த்தார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்துவிட்டது.

நேர்முகம் இருந்தால் சிபாரிசு நுழையும். மார்க் மட்டும் என்றால் மனசு தெரியாது. இந்த இழுபறிக்கு நம்மிடம் இன்னும் முடிவில்லை. என்னைக் கேட்டால், சிபாரிசைவிட மார்க் மேல். ஆனால் அதனால் ஒரு நஷ்டம் உண்டு. நம் பிள்ளைகள் பதினெட்டு வயது வரை தன்னைப் பற்றி நாலு வரி உண்மையாக எழுதிப் பழகவே இல்லை. வெளிநாட்டு விண்ணப்பத்தில் ‘ஏன்?’ என்று கேட்டதும் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

என்ன கேட்கிறார்கள்?

இங்கிலாந்தில் எல்லா இளங்கலைப் படிப்புக்கும் ‘யூகாஸ்’ என்ற ஒரே அமைப்பின் வழியாகத்தான் விண்ணப்பம். மருத்துவத்துக்கு நான்கு கல்லூரி வரை போடலாம். நான்குக்கும் ஒரே கட்டுரைதான் போகும். முன்பு ஒரே நீளக் கட்டுரையாக எழுத வேண்டியிருந்தது. 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறாய்? உன் படிப்பு உன்னை இதற்கு எப்படித் தயார் செய்தது? படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்படும்? மூன்றும் சேர்ந்து 4,000 எழுத்துக்குள் முடிய வேண்டும். இடைவெளியும் புள்ளியும்கூடக் கணக்கில் சேரும். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்து. ஆங்கிலத்தில் சுமார் ஒன்றரைப் பக்கம் வரும்.

அமெரிக்காவில் வேறு கதை. அங்கே ஒரு பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவக் கல்லூரி. கட்டுரை 5,300 எழுத்து வரை. பிளஸ் டூ பிள்ளைக்கு இப்போது அந்தக் கவலை வேண்டாம்.

பைஜாமாவில் ஓட்டை!

2007இல் யூகாஸ் அமைப்பினர் 50,000 விண்ணப்பக் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டார்கள். என்ன கிடைத்தது தெரியுமா? எட்டு வயதில் ரசாயன விளையாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்ட கதையை 234 பேர் எழுதியிருந்தார்கள்! 234 பிள்ளைகளுக்கும் எட்டு வயதில் பைஜாமா எரிந்ததாம். வயதான, நோயுற்ற தாத்தாவைப் பற்றி 175 பேர். மனித உடல் இயங்கும் விதத்தின் மீது தனக்குள்ள மோகத்தைப் பற்றி ஒரே மாதிரி வாக்கியத்தில் எழுதியவர்கள் இன்னும் அதிகம். எல்லாம் மாதிரிக் கட்டுரைகளைப் பார்த்து உருவியது. அப்போதிருந்தே வருகிற ஒவ்வொரு கட்டுரையையும் பழைய கட்டுரைகளோடு ஒப்பிடுகிறார்கள். ஒற்றுமை அதிகம் இருந்தால் விண்ணப்பித்த கல்லூரிகளுக்குத் தகவல் போய்விடும். இப்போது ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுதி வாங்கி, தன் எழுத்து என்று அனுப்பினால் அதையும் ஏமாற்றாகவே கருதலாம் என்று யூகாஸ் சொல்லியிருக்கிறது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஒரு கன்சல்டன்சி பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதிக் கொடுத்தது. அந்தத் தாளோடு ஒரு அப்பாவும் பெண்ணும் என்னிடம் வந்தார்கள். வந்தது கட்டுரைக்காக இல்லை. பெண்ணுக்கு ஒரு மாதமாகத் தலைவலி, தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை. கண் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, கண்ணாடி வேண்டாம் என்றுவிட்டார். பேச்சுவாக்கில் அப்பா பெருமையாகத் தாளை நீட்டினார். அருமையான ஆங்கிலம். தொழுநோய் முகாமில் சேவை செய்ததாக ஒரு பத்தி. “முகாம் எங்கேம்மா நடந்தது?” என்றேன். பெண் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஃபேனைப் பார்த்தார்.

தலைவலியின் மூலம் புரிந்துவிட்டது. நேர்முகத்தில் இதே கேள்வியை அவர்களும் கேட்பார்களே என்று அந்தக் குழந்தை ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்திருக்கிறாள். இதற்குத் தைலம் கொடுத்து என்ன பிரயோஜனம்?

அப்பாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “நிஜமா யாரையாவது பார்த்துக்கிட்டிருக்கியா?” என்று கேட்டேன். தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது சொட்டு மருந்து போட்டது நான்தான் என்றாள். இரண்டு பாட்டில். ஒன்று ஒரு நாளைக்கு இத்தனை தடவை, வாரா வாரம் குறைக்க வேண்டும். இன்னொன்று வேறு கணக்கு. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே வெள்ளை மூடி. இவள் ஸ்கூலுக்குப் போன நேரத்தில் தாத்தா மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதைக் கண்டுபிடித்து ஒரு பாட்டிலில் ரப்பர் பேண்டு சுற்றி வைத்தாளாம். “தடவிப் பார்த்து ரப்பர் இருந்தா காலைலயும் ராத்திரியும் மட்டும் தாத்தா.” பிறகு தாத்தா தப்பே செய்யவில்லை. அதற்கப்புறம், கண் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற மருந்தை ஏன் ஒரே மாதிரி பாட்டிலில் அடைக்கிறார்கள் என்று யோசித்தாளாம்.

“இதை எழுதேம்மா!” என்றேன். “இது சின்ன விஷயம் டாக்டர்” என்றாள்.

சின்ன விஷயம்தான். ஆனால் அந்த 175 தாத்தாக்களில் ஒருவர் பாட்டிலிலும் ரப்பர் பேண்டு இருந்திருக்காது. தாத்தாவைப் பற்றி எழுதுவது தப்பே இல்லை. தாத்தாவுக்கு நோய் வந்தது, எனக்கு இரக்கம் வந்தது என்று நிறுத்துவதுதான் தப்பு. நீ என்ன பார்த்தாய், என்ன செய்தாய், அதிலிருந்து உனக்கு என்ன கேள்வி எழுந்தது? இந்த மூன்றும் இருந்தால் போதும். அவளே உட்கார்ந்து எழுதினாள். இலக்கணத்தை மட்டும் ஸ்கூல் இங்கிலீஷ் டீச்சர் திருத்திக் கொடுத்தார். நான்கு கல்லூரியில் ஒன்று ஆன்லைன் நேர்முகத்துக்கு அழைத்தது. அந்தச் சொட்டு மருந்தைப் பற்றியே ரொம்ப நேரம் கேட்டார்களாம். இடம் கிடைக்கவில்லை, போட்டி அப்படி. தலைவலி மட்டும் எழுதி முடித்த வாரமே போய்விட்டது. இப்போது இங்கேயே பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள்.

நூற்று நாற்பது வருஷம் முந்திய விண்ணப்பம்

நம் நாட்டிலிருந்து போன மருத்துவ விண்ணப்பங்களில் புகழ்பெற்றது ஆனந்திபாய் ஜோஷி 1883இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிய கடிதம். அப்போது அவருக்கு 18 வயது. ஒன்பது வயதில் கல்யாணம், பதினான்கு வயதில் பிறந்த குழந்தை பத்தே நாளில் இறந்தது. அந்தக் கடிதத்தில் என்ன எழுதினார்? ஆண் மருத்துவரிடம் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று நினைக்கிற தன் நாட்டுப் பெண்களுக்கு உதவ வேண்டும் என்றார். உறவும் சாதியும் எதிர்த்ததை மீறி வந்திருக்கிறேன் என்றார். முக்கியமாக, கல்லூரி கேட்கிற தகுதி எல்லாம் தன்னிடம் முழுசாக இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மறைக்கவில்லை. கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1886இல் பட்டம் வாங்கினார். மறு வருஷமே காசநோயில், 22 வயதுகூட நிறையாமல் போய்விட்டார். நம் தாம்பரம் சானடோரியம் காசநோய்க்காகத் தொடங்கப்பட்டதே 1928இல்தான்.

வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கட்டர் கதையும் பலருக்குத் தெரிந்திருக்கும். டாக்டராகும் எண்ணமே இல்லாத பெண். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். இவரோ டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை அழைத்துப் போகலாம் என்றால், ஆண் வரக்கூடாது என்றுவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இல்லை. ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வந்தார். இந்த இரண்டு பேருடைய ‘ஏன்’ என்பதிலும் ஒரு இடமும் ஒரு ஆளும் இருக்கிறார்கள், கவனித்தீர்களா? “சிறு வயது முதலே சேவை மனப்பான்மை” என்ற வாக்கியத்தில் யாருமே இல்லை.

உங்கள் பிள்ளைக்கு அத்தனை பெரிய ராத்திரி வாய்க்க வேண்டும் என்பதில்லை, வாய்க்கவும் வேண்டாம். பாட்டியோடு சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி கியூவில் நின்றது போதும். பாட்டி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் “ஒழுங்கா சாப்பிடறேன்” என்று சொன்னதைப் பார்த்தது போதும்.

சித்த வைத்தியத்தைப் பற்றி எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. 2020இல் கொரோனா சமயத்தில் தெருவில் கபசுரக் குடிநீர் கொடுத்த இடத்தில் பிள்ளை நின்றிருந்தால் எழுதட்டும். ஆனால் “அதனால் எங்கள் தெருவில் நோயே வரவில்லை” என்று எழுதினால் நானே அடித்துவிடுவேன். வரவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது, எதோடு ஒப்பிடுவது என்று கேட்டு எழுதினால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். இன்னொன்று, நோயாளியின் பெயர், தெரு, அடையாளம் எதுவும் தாளில் வரக்கூடாது. வைத்தியத்தில் முதல் ஒழுக்கமே அதுதான்.

இரண்டாவது கேள்வியில் மார்க்கை அடுக்காதீர்கள். அது விண்ணப்பத்தில் வேறு இடத்தில் இருக்கிறது. பாடத்தில் எது பிடித்தது, அதைத் தொட்டு மேலே எதைப் படித்தாய் என்று ஒன்றை மட்டும் ஆழமாகச் சொன்னால் போதும். கீபோர்டு கிரேடு, கராத்தே பெல்ட் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம்.

எழுதுகிற வழி எளிது. முதலில் தமிழிலேயே, வாயால் சொல்லச் சொல்லுங்கள். அம்மா கேட்டால் போதும், திருத்த வேண்டாம். அதை அப்படியே எழுதி, ஒரு வாரம் மூடி வைத்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். முடிந்ததும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நாக்கு இடறுகிற வாக்கியம் அவர்களுடையது இல்லை, எடுத்துவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எழுத உட்கார வேண்டாம். அந்த நேரத்தில் எழுதுவது காலையில் பார்த்தால் சகிக்காது, தூக்கமும் கெடும்.

சில பிள்ளைகளால் முதல் வரிகூட எழுத முடியாது. நாலு நாள் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். திட்டாதீர்கள். “நிஜமா உனக்கு இது வேணுமா?” என்று ஒரு தடவை, பதிலுக்குக் கோபப்பட மாட்டோம் என்ற உறுதியோடு கேளுங்கள். வெளிநாட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாவது தடவை நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே வந்து தொழில் செய்கிற எண்ணம் இருந்தால், நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், அதோடு அங்கேயே 12 மாத இன்டர்ன்ஷிப். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள். யூகாஸில் மருத்துவத்துக்குக் கடைசித் தேதி அக்டோபர் 15, அவர்கள் ஊர் நேரம் மாலை ஆறு மணி. நமக்கு இரவு பத்தரை. பள்ளியிலிருந்து ஆசிரியரின் சிபாரிசுக் குறிப்பும் அதற்குள் போயாக வேண்டும். அதனால் பிரின்ஸிபாலை ஆகஸ்டிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள்.